கேட்டகோம் என்னும் சொல்லின் பொருளும் வழக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேட்டகோம் என்றால் என்ன?

நிலத்துக்கு அடியில் மென்மையான பாறையைக் குடைந்து அமைத்த நீண்ட நடைவழிகளும், அவற்றின் இருபக்கச் சுவர்களிலும் இறந்தோரின் உடல்களை வைப்பதற்காக அடுக்கடுக்காக வெட்டிய மாடங்களும், இடையிடையே சிறு அறைகளும் கொண்ட அடக்கவிடத்தையே கேட்டகோம் என்கிறோம். நிலத்தடியில் இருப்பது, நடந்து செல்லக்கூடிய வழிகளைக் கொண்டிருப்பது, ஒருவருக்கோ ஒரு குடும்பத்துக்கோ மட்டுமன்றிப் பலருக்கும் உரியதாக இருப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் இச்சொல் முழுமையாகப் பொருந்தும். மன்னர் ஒருவர் மட்டும் அடக்கம் செய்யப்பட்ட நிலவறையை இப்பெயரால் அழைப்பதில்லை. பிணமோ எலும்போ வைக்கப்படாத சுரங்கத்தையும், அது எவ்வளவு நீண்டதாக, இருண்டதாக இருந்தாலும், இப்பெயரால் அழைப்பது சொல்லின் மூலப்பொருளிலிருந்து விலகியதே ஆகும். அத்தகைய விலகிய வழக்குகளும் உலகில் நிலைபெற்றுவிட்டன. அவற்றைக் கீழே தனியே பார்க்கலாம்.

இச்சொல் எங்கிருந்து வந்தது?

இது முதலில் ஒரு பொதுப்பெயராக இருக்கவில்லை; ரோம் நகருக்கு வெளியே இருந்த ஒரே ஓர் இடத்தின் பெயராகவே இருந்தது. நகரின் தெற்கு வாயிலிலிருந்து புறப்படும் ஆப்பியா நெடுஞ்சாலையில், இன்று புனித செபஸ்தியார் பேராலயம் நிற்கும் பகுதியை அக்காலத்தவர் 'கத்தகும்பாஸ்' என்னும் இலத்தீன் பெயரால் குறித்தார்கள். கி.பி. 354ஆம் ஆண்டைச் சேர்ந்த நாட்காட்டித் தொகுப்பு ஒன்றில், புனித பேதுருவின் நினைவு கொண்டாடப்படும் இடமாக இப்பெயர் காணப்படுகிறது. பேரரசர் மாக்சென்சியுஸ் தேர்ப்பந்தயத் திடல் கட்டிய இடமும் இதே பெயராலேயே அத்தொகுப்பில் சுட்டப்படுகிறது. ஆகவே, அப்பகுதியில் கல்லறை இருந்ததால் அதற்கு அப்பெயர் வந்தது என்று கருத இடமில்லை. பெயர் அந்த நிலப்பகுதிக்கு உரியது.

அந்த இடப்பெயரின் வேரைக் கிரேக்கத்தில் காண்பதே பெருவழக்கான விளக்கம். 'கத்தா' என்பது 'அருகில்' அல்லது 'கீழே' என்ற பொருளையும், 'கும்பே' என்பது 'பள்ளம்', 'குழிவு' என்ற பொருளையும் தரும். எனவே 'பள்ளங்களின் அருகே' என்பது பெயரின் பொருளாகிறது. அங்கே கட்டுமானத்துக்கான எரிமலை மண்ணைத் தோண்டியெடுத்த குழிகள் இருந்தன என்பதால், இவ்விளக்கம் நிலத்தின் இயல்போடு ஒத்துப்போகிறது. வேறு விளக்கங்களும் முன்வைக்கப்பட்டுள்ளன என்பதால், இதை முடிந்த முடிபாகக் கொள்ளாமல், மிகவும் ஏற்புடைய விளக்கமாக மட்டும் கொள்வதே முறை.

ஓர் இடத்தின் பெயர் எப்படி எல்லா நிலத்தடிக் கல்லறைகளுக்கும் உரியதாயிற்று?

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பிறகு ரோமின் சுரங்கக் கல்லறைகளில் புதிதாக அடக்கம் செய்வது ஏறத்தாழ நின்றுபோனது. சில நூற்றாண்டுகள் அவை மறைசாட்சிகளை, அதாவது நம்பிக்கைக்காக உயிர்கொடுத்தவர்களை, வணங்கும் இடங்களாகத் தொடர்ந்தன. பிறகு எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில், நகர்ப்புறத்தைத் தாக்கிய படைகளுக்கு அஞ்சி, புனிதர்களின் எச்சங்களை நகருக்குள் இருந்த ஆலயங்களுக்கு மாற்றினார்கள். எச்சங்கள் போனபின் அங்கே செல்வோர் இல்லை, வாயில்கள் மண்மூடின, பல கல்லறைகள் எங்கிருந்தன என்பதே மறந்துபோயிற்று. மக்கள் தொடர்ந்து சென்றுவந்த மிகச் சில இடங்களுள் செபஸ்தியார் ஆலயத்தின் அடியில் இருந்த கல்லறை முதன்மையானது. மற்றவை மறக்கப்பட்ட காலத்தில் இது ஒன்றே கண்முன் இருந்ததால், 'கத்தகும்பாஸ்' என்னும் பெயர் மெல்ல மெல்ல அத்தகைய கல்லறை ஒவ்வொன்றுக்கும் உரிய பெயராக மாறிற்று.

அம்மாற்றத்தை உலகறியச் செய்தது 1578ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் நடந்த கண்டுபிடிப்பு. சலாரியா சாலையை ஒட்டிய திராட்சைத் தோட்டம் ஒன்றில் எரிமலை மண் தோண்டிய தொழிலாளர்கள், ஓவியங்களும் கல்வெட்டுகளும் நிறைந்த ஒரு கல்லறைக்குள் வழிதிறந்தார்கள். அதன்பின் அந்தோனியோ போசியோ என்னும் ஆய்வாளர் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை இச்சுரங்கங்களைத் தேடி வரைபடமாக்குவதில் செலவிட்டார். 1629இல் அவர் இறந்த பிறகே அவருடைய பெருநூல் அச்சேறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜொவான்னி பத்திஸ்தா தெ ரோஸ்ஸி இத்துறையை முறையான தொல்லியலாக வளர்த்தெடுத்தார். புனித கலிஸ்துஸ் கல்லறையில் மூன்றாம் நூற்றாண்டுத் திருத்தந்தையர் (போப்புகள்) அடக்கம் செய்யப்பட்ட அறையை 1854இல் கண்டறிந்தவரும் அவரே. இவர்களின் எழுத்துகள் வழியாகவே இச்சொல் ஐரோப்பிய மொழிகளில் பரவலாகப் புழங்கியது.

அங்கே தம்மவரை அடக்கம் செய்தவர்கள் எந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள்?

அவர்களுடைய சொல் 'கொய்மெத்தேரியும்' என்பது. 'துயிலிடம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் இலத்தீன் வடிவம் அது. இறப்பை ஓர் உறக்கமாகவும், உயிர்த்தெழுதலை விழிப்பாகவும் கண்ட நம்பிக்கை இச்சொல்லில் வெளிப்படையாக இருக்கிறது. ஆங்கிலத்தில் இன்று கல்லறைத் தோட்டத்தைக் குறிக்கும் 'செமட்ரி' என்ற சொல்லும் இதிலிருந்து வந்ததே. கல்வெட்டுகளில் இறந்தவரைக் குறிக்கும்போது 'தெபோசித்துஸ்' என்று எழுதினார்கள். ஒப்படைக்கப்பட்டவர் என்பது அதன் பொருள். ஒப்படைத்த பொருளைத் திரும்பப் பெறுவோம் என்ற உறுதி அச்சொல்லில் அடங்கியிருக்கிறது.

கேட்டகோம் என்ற சொல்லைக் கேட்டதும் இன்று பலருக்கு இருளும் அச்சமும் மண்டையோடும் நினைவுக்கு வருகின்றன. அவற்றைத் தோண்டியவர்களின் மனத்தில் இருந்த உணர்வு இதற்கு நேர் எதிரானது. சுவர்களில் அவர்கள் வரைந்தவை ஆட்டைத் தோளில் சுமந்த நல்ல ஆயரும், கைகளை விரித்து மன்றாடும் உருவங்களும், மீனும், நங்கூரமும், பெரிய மீனின் வயிற்றிலிருந்து மீண்ட யோனாவுமே. இச்சொல்லைக் கையாளும் எழுத்தாளர்கள் இதை மனத்தில் வைத்திருந்தால், பழங்காலக் கல்லறைகளைப் பேய்க்கதைகளின் களமாக மட்டும் காட்டும் பிழை நேராது.

தமிழில் எப்படி எழுதுவது, எப்படி ஒலிப்பது?

ஆங்கில எழுத்துக்கூட்டலின் இறுதியில் 'ப்' ஒலிக்குரிய எழுத்து இருந்தாலும், அது ஒலிக்கப்படுவதில்லை. எனவே 'கேட்டகோம்' என்று எழுதுவது ஒலிப்புக்கு நெருக்கமானது. பிரித்தானிய ஒலிப்பில் 'கேட்டகூம்' என்பதும் வழங்குகிறது. 'கேட்டகோம்ப்', 'கேடகோம்ப்ஸ்' போன்ற வடிவங்கள் தமிழில் அச்சிலும் இணையத்திலும் காணப்படுகின்றன. எழுத்தைப் பார்த்து ஒலிபெயர்த்ததால் வந்தவை அவை. தவறு என்று தள்ளத் தேவையில்லை, ஆனால் ஒரே கட்டுரைக்குள் ஒரே வடிவத்தைப் பின்பற்ற வேண்டும்.

ஆங்கிலத்தில் இச்சொல் பெரும்பாலும் பன்மையிலேயே வழங்கும். ஒரே கல்லறைத் தொகுதியையும் அங்கே பன்மையில் குறிப்பது இயல்பு, ஏனெனில் அதற்குள் வழிகளும் அறைகளும் பல. தமிழில் அந்தப் பன்மையை அப்படியே கொண்டுவந்து 'கேட்டகோம்ஸ்கள்' என்று எழுதுவது இரட்டைப் பன்மையாகிவிடும். ஒரு தொகுதியைச் சொல்லும்போது 'தொமித்தில்லா கேட்டகோம்' என்று ஒருமையிலும், பல தொகுதிகளைச் சொல்லும்போது 'ரோமின் கேட்டகோம்கள்' என்று பன்மையிலும் எழுதினால் குழப்பம் இல்லை.

இதற்கு நேரான தமிழ்ச்சொல் எது?

'நிலத்தடிக் கல்லறை', 'சுரங்கக் கல்லறை', 'பாதாளக் கல்லறை' ஆகிய மூன்றும் வழக்கில் உள்ளன. இவற்றுள் 'சுரங்கக் கல்லறை' என்பதையே நான் பரிந்துரைப்பேன். காரணம் எளிது: பெரும்பாலான கல்லறைகள் நிலத்தின் அடியில்தான் இருக்கின்றன, எனவே 'நிலத்தடி' என்ற அடைமொழி எதையும் வேறுபடுத்திக் காட்டவில்லை. 'பாதாளம்' என்பது கீழுலகத்தையும் தண்டனையையும் நினைவூட்டுகிறது. அமைதியான உறக்கத்தை எண்ணி அமைத்த இடத்துக்கு அது பொருந்தாது. 'சுரங்கம்' என்பதோ, குடைந்து அமைத்தது, உள்ளே வழி உள்ளது, நடந்து செல்லலாம் என்னும் மூன்று செய்திகளையும் ஒருங்கே தருகிறது. 'கல்லறை' அதன் பயனைச் சொல்கிறது.

முதல் முறை குறிப்பிடும்போது 'கேட்டகோம் என்னும் சுரங்கக் கல்லறை' என்று இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டு, பிறகு தமிழ்ச்சொல்லை மட்டும் பயன்படுத்துவது வாசகருக்கு உதவும். இடப்பெயராக நிலைபெற்றவற்றில் மட்டும் மூலச்சொல்லை விட்டுவிடாமல் இருப்பது நல்லது.

தாழி, இடுகாடு, புதைகுழி போன்ற சொற்களை இதற்குப் பயன்படுத்தலாமா?

கூடாது. தாழி என்பது உடலையோ எலும்பையோ இட்டுப் புதைக்கும் பெரிய மண்கலம். அது கலத்தின் பெயரே தவிர இடத்தின் பெயரன்று. இடுகாடு என்பது பிணங்களைப் புதைக்கும் திறந்தவெளி. புதைகுழி ஒரு தனிக் குழியையோ, பலரை ஒன்றாகப் போட்டு மூடிய குழியையோ குறிக்கும். பின்னதில் முறையான அடக்கம் மறுக்கப்பட்ட அவலம் ஒலிக்கிறது. சுரங்கக் கல்லறையில் ஒவ்வொருவருக்கும் தனி மாடமும், வசதி இருந்தால் பெயர் பொறித்த மூடுகல்லும் இருந்தன என்பதால், புதைகுழி என்ற சொல் இங்கே முற்றிலும் பொருந்தாதது.

அதன் உறுப்புகளுக்கு என்ன பெயர்கள் வழங்குகின்றன?

சுவரில் நீளவாக்கில் வெட்டிய எளிய மாடம் 'லோக்குலுஸ்' எனப்படும். ஒன்றன்மேல் ஒன்றாகப் பல மாடங்கள் தரையிலிருந்து கூரைவரை அமைந்திருக்கும். உடலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்து, சலவைக்கல் பலகையாலோ சுட்ட ஓடுகளாலோ வாயை மூடிச் சாந்து பூசுவார்கள். பெயர் பொறிக்க வசதியற்றவர்கள், தம்மவரின் மாடத்தை அடையாளம் காண்பதற்காக, ஈரச் சாந்தில் நாணயம், கண்ணாடித் துண்டு, சிப்பி போன்ற ஏதேனும் ஒன்றைப் பதித்துவைத்தார்கள். ஏழைகளின் அந்த அடையாளங்கள், திருத்தந்தையரின் கல்வெட்டுகளைவிட நெஞ்சைத் தொடுகின்றன என்றே சொல்வேன்.

வளைவின் கீழே, கல்தொட்டி போன்ற அமைப்பில் உடலை வைத்து மேலே பலகையால் மூடியது 'அர்க்கோசோலியும்'. இது சற்று வசதியானவர்களுக்கும் போற்றத்தக்கவர்களுக்கும் உரியதாக இருந்தது. குடும்பத்தினரோ ஒரு குழுவினரோ சேர்ந்து பயன்படுத்திய சிறு அறை 'குபிக்குலும்' எனப்படும். அன்றாட இலத்தீனில் இச்சொல்லுக்குப் படுக்கையறை என்று பொருள். மேலிருந்து ஒளியும் காற்றும் வருவதற்கான செங்குத்துத் துளை 'லுமினாரே'. தோண்டும் காலத்தில் மண்ணை மேலே ஏற்றவும் இத்துளைகள் உதவின. தோண்டிய தொழிலாளர்களை 'ஃபோஸ்ஸோர்' என்றார்கள். கடப்பாறையும் எண்ணெய் விளக்குமாக நிற்கும் அவர்களின் உருவங்களைச் சுவரோவியங்களில் இன்றும் காணலாம்.

ஏன் நிலத்தடியில் இப்படிக் குடைய வேண்டியிருந்தது?

நகர எல்லைக்குள் பிணத்தைப் புதைப்பதையோ எரிப்பதையோ ரோமின் பன்னிரு பலகைச் சட்டம் மிகப் பழங்காலத்திலேயே தடைசெய்திருந்தது. ஆகவே, அடக்கவிடங்கள் எல்லாம் நகர மதிலுக்கு வெளியே, பெருஞ்சாலைகளின் ஓரங்களில் அமைந்தன. முன்னர் எரிப்பதே பெருவழக்காக இருந்தது. சாம்பல் கலசத்துக்குச் சிறிய இடம் போதும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டு தொடங்கி உடலை அடக்கம் செய்யும் வழக்கம் பெருகியபோது, இடத்தின் தேவையும் பெருகிற்று. நிலத்தின் மேற்பரப்பு குறைவாக இருந்தாலும், அதன் அடியில் அடுக்கடுக்காக இறங்கிச் செல்ல முடிந்தது.

அதற்கு நிலமும் இடம் கொடுத்தது. ரோமைச் சுற்றியுள்ள எரிமலைத் தூஃபா பாறை, வெட்டும்போது இளகிய தன்மையுடையது. காற்றுப்பட்ட பிறகு கெட்டிப்படுவது. பெரிய தாங்குகட்டுமானம் இல்லாமலே நடைவழிகளை நீட்டிக்கொண்டு போக அது உதவியது. ஓர் அடுக்கு நிரம்பியபின் அதற்குக் கீழே இன்னோர் அடுக்கைத் தோண்டினார்கள் என்பதால், பல இடங்களில் மேலடுக்கே பழமையானது. புனித கலிஸ்துஸ் கல்லறையில் நான்கு அடுக்குகள் உள்ளன. அதன் ஆழம் 20 மீட்டரைத் தாண்டுகிறது. தொமித்தில்லாக் கல்லறையின் நடைவழிகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 17 கிலோமீட்டர்.

கிறிஸ்தவர்கள் இவற்றில் ஒளிந்து வாழ்ந்தார்கள் என்பது உண்மையா?

இல்லை. இச்சொல்லைப் பற்றிப் பரவியுள்ள தவறான எண்ணங்களுள் மிகவும் ஆழமாக வேரூன்றியது இதுவே என்பதால், சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலாவதாக, இவை மறைவிடங்கள் அல்ல. பெருஞ்சாலைகளின் ஓரத்தில், எல்லோருக்கும் தெரிந்த நிலங்களில், வெளிப்படையான வாயில்களோடு இருந்தன. அடக்கவிடங்களை ரோமச் சட்டம் மீறக்கூடாத இடங்களாக மதித்தது. ஆட்சியாளர்களுக்கு இவற்றின் இருப்பிடம் தெரியும் என்பதற்கு அவர்களுடைய ஆணையே சான்று: 257ஆம் ஆண்டில் பேரரசர் வலேரியன், கிறிஸ்தவர்கள் தங்கள் கல்லறைகளுக்குள் நுழையக்கூடாது என்று தடைவிதித்தார். தெரியாத இடத்துக்கு யாரும் தடைவிதிக்க முடியாது. அடுத்த ஆண்டு, 258 ஆகஸ்ட் 6ஆம் நாள், திருத்தந்தை இரண்டாம் சிக்ஸ்துஸ் கல்லறையில் வைத்தே பிடிக்கப்பட்டுத் திருத்தொண்டர்களோடு கொல்லப்பட்டார். மறைந்திருக்கும் இடமாக அது பயன்பட்டிருக்க முடியாது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

இரண்டாவதாக, வாழும் மனிதர் நெடுநேரம் தங்கும் வகையில் அவை அமையவில்லை. நடைவழியின் அகலம் பல இடங்களில் ஒரு மீட்டர்கூட இல்லை. ஈரமும் இருளும் விளக்குப் புகையும் நிறைந்த அங்கே, சாந்து பூசிய மாடங்களுக்குள் உடல்கள் சிதைந்துகொண்டிருந்தன. அடக்கச் சடங்குக்கும், ஆண்டு நினைவு நாளில் இறந்தோரை எண்ணி உண்ணும் விருந்துக்கும், மறைசாட்சிகளின் விழாவுக்கும் மக்கள் கூடினார்கள்; பிறகு வீடு திரும்பினார்கள்.

மூன்றாவது காரணமே மிகவும் வலுவானது. 313ஆம் ஆண்டில் கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை கிடைத்தபின் ஒளிய வேண்டிய தேவை இல்லை. அப்படியிருந்தும் சுரங்கக் கல்லறைகள் மிகப் பெருமளவில் விரிந்தது அந்த நான்காம் நூற்றாண்டில்தான். திருத்தந்தை தமாசுஸ், 366 முதல் 384 வரையான தம் பணிக்காலத்தில், மறைசாட்சிகளின் கல்லறைகளைத் தேடிச் சீரமைத்து, தாமே இயற்றிய கவிதைகளை அழகிய எழுத்துகளில் பொறிக்கச் செய்தார். மாணவப் பருவத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு அங்கே இறங்கிச் சென்றதைப் புனித எரோணிமுஸ் தம் எழுத்தில் நினைவுகூர்கிறார்.

ஆகவே, 'கிறிஸ்தவர்கள் ஒளிந்து வாழ்ந்த பாதாள அறைகள்' என்று இச்சொல்லுக்கு விளக்கம் எழுதும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். பாடநூல்களிலும் சுற்றுலாக் குறிப்புகளிலும் இவ்விளக்கம் திரும்பத் திரும்ப இடம்பெறுவது வருத்தத்துக்குரியது. ஏனெனில், இறந்தோரை மதித்த ஒரு பெரும் சமூக ஏற்பாட்டை அது அச்சத்தின் அடையாளமாகச் சுருக்கிவிடுகிறது.

இச்சொல் கிறிஸ்தவக் கல்லறைகளுக்கு மட்டுமே உரியதா?

அல்ல. ரோமிலேயே யூதர்களின் சுரங்கக் கல்லறைகள் உள்ளன. ஆப்பியா சாலையை ஒட்டிய விஞ்ஞா ரந்தனீனிக் கல்லறை 1859இல் கண்டறியப்பட்டது. ஏழு கிளை விளக்குத்தண்டு அங்கே மீண்டும் மீண்டும் வரும் அடையாளம். கல்வெட்டுகளுள் பெரும்பாலானவை கிரேக்கத்தில் உள்ளன. இன்றைய இஸ்ரேலில் உள்ள பேத் ஷெயாரிம் யூதக் கல்லறைத் தொகுதியை யுனெஸ்கோ 2015இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

எகிப்தின் அலெக்சாந்திரியாவில், கோம் எல் ஷுகாஃபா என்னும் இடத்தில் 1900ஆம் ஆண்டு வெளிப்பட்ட சுரங்கக் கல்லறை, இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சுழல் படிக்கட்டு வழியாக இறங்கும் அதன் உட்புறச் சிற்பங்களில் எகிப்தியத் தெய்வங்கள் ரோமப் படைவீரரின் உடையில் நிற்கின்றன. ரோமின் இலத்தினா சாலையில் 1955இல் கண்டறியப்பட்ட நான்காம் நூற்றாண்டுக் கல்லறையிலோ, விவிலியக் காட்சிகளும் ஹெர்குலிஸின் கதைக்காட்சிகளும் அருகருகே உள்ளன. ஆகவே, சொல்லின் பொருளை வரையறுப்பது சமயமன்று, அமைப்பும் பயனுமே.

கிரிப்ட், நெக்ரோபொலிஸ், ஹைபோஜியம் ஆகியவற்றிலிருந்து இது எவ்வாறு வேறுபடுகிறது?

கிரிப்ட் என்பது பெரும்பாலும் ஆலயத்தின் பலிபீடத்துக்கோ தளத்துக்கோ அடியில் கட்டப்படும் அறை. 'மறைவானது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. சுரங்கக் கல்லறைக்குள் சிறப்பு வாய்ந்த ஓர் அறையையும் கிரிப்ட் என்பதுண்டு. திருத்தந்தையரின் கிரிப்ட் அவ்வாறு பெயர் பெற்றதே. ஹைபோஜியம் என்பதற்கு 'மண்ணுக்கு அடியில் உள்ளது' என்பது நேர்ப்பொருள். ஒரு குடும்பத்துக்கோ சிறு குழுவுக்கோ உரிய தனியார் நிலத்தடிக் கல்லறையைத் தொல்லியலார் இப்பெயரால் குறிப்பார்கள். பல ஹைபோஜியங்கள் ஒன்றோடொன்று இணைந்து கேட்டகோமாக வளர்ந்ததும் உண்டு. நெக்ரோபொலிஸ், அதாவது 'இறந்தோர் நகரம்', மேற்பரப்பிலும் இருக்கலாம், அடியிலும் இருக்கலாம். கொலும்பாரியும் என்பது புறாக்கூட்டைப் போன்ற சிறு குழிகளில் சாம்பல் கலசங்களை வைக்கும் கட்டடம். மௌசோலியம் தரைக்கு மேலே எழுப்பப்படும் நினைவு மாளிகை. ஆசுவரி என்பது, வேறு இடத்தில் புதைத்துச் சதை மக்கிய பின் எலும்புகளை மட்டும் கொண்டுவந்து சேர்த்துவைக்கும் கூடம்.

அப்படியானால் பாரிஸில் இருப்பது கேட்டகோமா, ஆசுவரியா?

கண்டிப்பாகச் சொன்னால், அது ஆசுவரிதான். அதன் முறையான பெயரே 'நகராட்சி எலும்புக்கூடம்' என்று பொருள்படும். பாரிஸின் அடியில் கட்டடங்களுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த பழைய சுரங்கங்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவியிருந்தன. அவை இடிந்து வீதிகள் உள்வாங்கியதால், 1777இல் சுரங்கங்களைக் கண்காணிக்கத் தனி அமைப்பு ஒன்று ஏற்படுத்தப்பட்டது. அதே காலத்தில், பல நூற்றாண்டுகளாகப் பிணங்கள் குவிந்திருந்த இன்னொசான் கல்லறையின் அருகே, ஒரு வீட்டின் நிலவறைச் சுவர் 1780இல் உடைந்து கல்லறையின் உள்ளடக்கம் உள்ளே சரிந்தது. அக்கல்லறை மூடப்பட்டு, எலும்புகளை வெறுமையான சுரங்கங்களுக்கு மாற்றும் பணி தொடங்கிற்று. 1786 ஏப்ரல் 7ஆம் நாள் அவ்விடம் சமயச் சடங்கோடு புனிதப்படுத்தப்பட்டது. பிற கல்லறைகளிலிருந்தும் எலும்புகள் வந்து சேர்ந்தன. இறுதியில் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் அங்கே குவிந்தன எனக் கணக்கிடுகிறார்கள்.

ரோமின் புகழ்பெற்ற கல்லறைகளை நினைவூட்டியதால் மக்கள் இதற்கும் அதே பெயரைக் கொடுத்தார்கள். ஆனால் வேறுபாடுகள் அடிப்படையானவை. ரோமில் அடக்கத்துக்கென்றே தோண்டினார்கள். பாரிஸில் கல்லுக்காகத் தோண்டிய இடத்தைப் பிறகு எலும்புக்குப் பயன்படுத்தினார்கள். ரோமில் ஒவ்வொருவருக்கும் தனி இடமும், பெயரோ வேறு அடையாளமோ உண்டு. பாரிஸில் யாருடைய எலும்பு எது என்பது இல்லை. இன்று சுவர் போல அடுக்கப்பட்டிருக்கும் தொடையெலும்புகளும் மண்டையோடுகளும், 1810ஐ ஒட்டி எரிக்கார் த துரி என்னும் சுரங்க ஆய்வாளரின் மேற்பார்வையில் அடுக்கப்பட்டவை. பேச்சுவழக்கில் பாரிஸ் மக்கள் எலும்பே இல்லாத மற்றச் சுரங்கங்களையும் இப்பெயராலேயே குறிப்பதால், குழப்பம் மேலும் கூடுகிறது. பெயர் நிலைத்துவிட்டபடியால் 'பாரிஸ் கேட்டகோம்' என்று எழுதலாம்; ஆனால் அது எலும்புக்கூடம் என்ற விளக்கத்தை உடன் தருவது நேர்மையானது.

வேறு எந்த இடங்கள் இப்பெயரைப் பெற்றிருக்கின்றன?

சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், கப்புச்சின் துறவிகளின் மடத்துக்கு அடியில் உள்ள கூடங்கள் இப்பெயரால் அறியப்படுகின்றன. 1599 முதல் அங்கே உடல்களை உலரவைத்து, ஆடை உடுத்தி, சுவரோரமாக நிறுத்தியும் கிடத்தியும் வைத்தார்கள். 1920இல் இறந்த, இரண்டு வயதுகூட நிரம்பாத ஒரு பெண்குழந்தையின் உடல் இன்றும் உறங்குவது போலவே காட்சியளிக்கிறது. மால்ட்டாவின் ரபாத், சிசிலியின் சிரக்கூசா, நேப்பிள்ஸ் ஆகிய இடங்களில் உள்ளவை ரோம வகையைச் சேர்ந்த உண்மையான சுரங்கக் கல்லறைகள்.

உக்ரைனின் ஒடேசாவில் இப்பெயர் பெற்றிருப்பது, பெரும்பாலும் கட்டடக்கல் வெட்டிய சுரங்கப் பின்னல். ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் நீளம் கொண்டதாகச் சொல்லப்படும் அச்சுரங்கங்களில், இரண்டாம் உலகப் போரின்போது எதிர்ப்புப் படையினர் தங்கியிருந்து போரிட்டார்கள். அடக்கவிடமாக அது அமைக்கப்படவில்லை. சொல் தன் மூலப்பொருளிலிருந்து எவ்வளவு தொலைவு செல்லக்கூடும் என்பதற்கு ஒடேசாவே சிறந்த எடுத்துக்காட்டு.

உருவகமாக இச்சொல்லைப் பயன்படுத்தலாமா?

ஐரோப்பிய மொழிகளில் அவ்வழக்கு உண்டு. பெரிய நூலகத்தின் அடித்தளக் கிடங்கையோ, யாரும் திறந்து பார்க்காத கோப்புகள் நிறைந்த அறைகளையோ இப்பெயரால் சுட்டுவார்கள். தமிழில் அது இன்னும் வேர்கொள்ளவில்லை. வலிந்து புகுத்துவதால் வாசகருக்குப் பொருள் தெளிவாகாது. 'கிடங்கு', 'நிலவறை' என்றே சொல்லிவிடலாம்.

வரலாற்றோடு கட்டுண்ட இரண்டு சொல்வழக்குகளை மட்டும் விலக்காகக் கொள்ள வேண்டும். சோவியத் ஆட்சிக்காலத்தில், அரசுக்கு விசுவாசம் தெரிவித்த 1927ஆம் ஆண்டுத் திருச்சபை அறிக்கையை ஏற்க மறுத்து, மறைவாக வழிபாடு நடத்திய ஆர்த்தடாக்ஸ் குழுக்களைக் 'கேட்டகோம் திருச்சபை' என்று அழைத்தார்கள். இப்பெயர் ஒளிந்து வாழ்தல் என்ற தவறான எண்ணத்தின்மேல் நிற்பதுதான். ஆயினும், துன்புற்ற மக்கள் தமக்கு ஏற்றுக்கொண்ட அடையாளம் என்பதால் அதை மாற்ற நமக்கு உரிமை இல்லை. மற்றது 'கேட்டகோம் உடன்படிக்கை'. கத்தோலிக்க ஆயர்களின் உலகளாவிய கூட்டமான இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் நிறைவடையச் சில வாரங்களே இருந்தபோது, 1965 நவம்பர் 16ஆம் நாள், ஏறத்தாழ நாற்பது ஆயர்கள் (பிஷப்புகள்) தொமித்தில்லாச் சுரங்கக் கல்லறையில் கூடித் திருப்பலி நிறைவேற்றி, எளிய மக்களைப் போலவே வாழ்வோம் என்றும், செல்வத்தையும் சிறப்புப் பட்டங்களையும் நாடமாட்டோம் என்றும் கையொப்பமிட்டு உறுதி ஏற்றார்கள். இங்கே சொல் உருவகமாக நிற்கவில்லை. கையொப்பமிட்ட இடத்தின் பெயராகவே நிற்கிறது. ஆகையால் இதைத் தமிழாக்கும்போது 'தலைமறைவு உடன்படிக்கை' என்றோ 'இரகசிய உடன்படிக்கை' என்றோ எழுதக்கூடாது. 'சுரங்கக் கல்லறை உடன்படிக்கை' என்பதே சரியான வடிவம்.